ஒரு மலை, இரண்டு பெயர்கள்

எட்டாம் வகுப்பில் நிலவரைபடப் பயிற்சி. அன்று ஆங்கில அட்லஸைக் கொடுத்திருந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் விரலை வைத்து ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், கார்டமம் ஹில்ஸ்னு போட்டிருக்கே, அது எங்க இருக்கு?"

சன்னலுக்கு வெளியே தெரிந்த மலையைக் காட்டி, "இதற்கு மேலே போனால் அதுதான்" என்றேன்.

"அது ஏலமலைல்ல டீச்சர்? எங்கம்மா அங்கதான் காய் எடுக்கப் போகுது!"

போடிநாயக்கனூரிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தாய்மார்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் பலர். அம்மா வேலை செய்யும் மலையை மகளால் வரைபடத்தில் அடையாளம் காண முடியவில்லை. "அட்லஸ்ல இருக்கிறதுதான் சரியான பேரு. நாம சொல்றது சும்மா பேச்சுக்கு" என்று ஒரு மாணவன் தீர்ப்பும் சொல்லிவிட்டான். அந்தத் தீர்ப்பையே அன்றைய பாடமாக எடுத்துக்கொண்டேன்.

'கார்டமம்' ஆங்கிலத்தில் பிறந்த சொல் அன்று. கிரேக்கத்தின் 'கர்தமோமோன்' இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'கர்தமோன்' என்பது காரமான ஒரு கீரை. 'அமோமோன்' ஒரு நறுமணச் செடி. இவ்விரண்டும் இணைந்த சொல் என்பர். சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ், அச்சரக்கு மீடியாவிலிருந்து வருவதாகச் சிலரும் இந்தியாவிலிருந்து வருவதாகச் சிலரும் கூறுவதாக எழுதினார். அவர் குறிப்பிட்டது நம் ஏலக்காய்தானா என்பதில் அறிஞர்களிடையே ஐயம் உண்டு. எப்படியாயினும், தொலைதூரச் சந்தையில் வழங்கிய அந்தச் சொல்தான் பின்னாளில் ஆங்கிலத்தின் வழியே நம் மலைக்குப் பெயரானது.

அடுத்து ஏலக்காயின் தாவரவியல் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன்: எலெட்டேரியா கார்டமோமம். இரண்டாம் சொல்லை உடனே கண்டுகொண்டார்கள். முதல் சொல்?

17ஆம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சு நிர்வாகியாக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு 'ஹோர்டுஸ் மலபாரிகஸ்' என்னும் நூலை உருவாக்கினார். 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக அது வெளிவந்தது. அதில் இச்செடியின் பெயர் 'எலெட்டரி'. மலையாளத்தில் 'ஏலத்தரி', அதாவது ஏலம் + அரி. நாட்டு மருந்துக் கடையில் நாம் கேட்கும் 'ஏலரிசி'யின் உறவுச் சொல். 1753இல் லின்னேயஸ் இச்செடியை 'அமோமம்' பேரினத்தில் வைத்தார். 1811இல் மேட்டன் அதைத் தனிப் பேரினமாக்கி 'எலெட்டேரியா' என்று பெயரிட்டார்.

"ஏலம்னு சொல்லிப் பாருங்கள். பிறகு எலெட்டேரியா என்று சொல்லுங்கள்" என்றேன். இரண்டு முறை சொன்னதும் வகுப்பில் சிரிப்பு. "அப்போ எங்கம்மா சொல்ற பேருதான் டீச்சர் முதல்ல வருது!" என்றாள் அந்த மாணவி. தீர்ப்புச் சொன்ன மாணவன் தன் அட்லஸில் 'கார்டமம் ஹில்ஸ்' பக்கத்தில் பென்சிலால் 'ஏலமலை' என்று எழுதிக்கொண்டான்.

இப்பாடத்தைத் தொடர மூன்று செயல்பாடுகள் தந்தேன்:

1. இதே ஆங்கிலப் பெயரில் தென்கிழக்கு ஆசியாவில் உள்ள மலையைத் தேடுதல். (கம்போடியா. அங்குள்ள மக்கள் வழங்கும் 'க்ரவாஞ்' என்ற பெயருக்கும் ஏலம் என்றே பொருள்.)

2. போடியில் ஏலம் ஏலத்துக்கு வருகிறது. இரண்டு 'ஏலம்' ஒரே சொல்லா என்று ஆராய்தல். (அல்ல. விற்பனையைக் குறிக்கும் ஏலம் போர்ச்சுக்கீசிய 'லெய்லாவ்' என்பதிலிருந்து வந்தது.)

3. 'இந்தியா' என்னும் பெயர் வந்த வழியை வரைதல். (சிந்து, பாரசீகத்தில் ஹிந்து, கிரேக்கத்தில் இந்தோஸ், பிறகு இந்தியா.)

வரைபடத்துப் பெயரும் வேண்டும். தேர்வுக்கும் வெளியுலகுக்கும் அது தேவை. ஆனால் வீட்டுப் பெயரை அழித்துவிட்டு அதைக் கற்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் மலைக்கும் ஆற்றுக்கும் வரைபடத்தில் வேறு பெயர் இருந்தால், முதலில் மாணவர்களின் வீட்டுப் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்கிப் பாருங்கள்.