சீரான ஓட்டம், சிறப்பான நலம்

அன்பார்ந்த தம்பதியரே!

அரை மாரத்தான் என்பது 21.1 கிலோமீட்டர் ஓட்டம். 2021-ல் தமிழக மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சரான திரு. மா. சுப்பிரமணியன் சர்க்கரை நோய் உள்ளவர். ஆனாலும் நூறு முறைக்கு மேல் இதை ஓடியவர்.

மூன்று மணி நேரத்தில் முடிக்க, கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் போதும். எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தால் தசையில் சேர்ந்த மாவுச்சத்து தீர்ந்து, கடைசியில் கால் எழும்பாது. நம்ம கணியூர் ரோட்டில் கல்லுக்குக் கல் கடிகாரம் பார்த்துப் பழகுங்கள். பேசிக்கொண்டே ஓட முடிகிறதா? அதுதான் சரியான வேகம். இருவரில் மெதுவாக ஓடுபவர் வேகமே இருவருக்கும் வேகம்.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். நைட் ஷிப்ட் முடிந்த காலையில் ஓடாதீர்கள். நெஞ்சு வலித்தால் நின்றுவிடுங்கள், 108-ஐ அழையுங்கள்.

நேரம் பெரிதல்ல, இருவரும் நலமாய் வீடு திரும்புவதே பெரிது.