காற்று நுழையும் வாயில்

ஐதராபாத்தின் காச்சிகுடா நிலையத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் தொடர்வண்டி, வள்ளியூரைக் கடந்தபின் மலைகளை நோக்கித் திரும்புகிறது. அப்போது சாளரத்தின் வழியே வெண்ணிறக் கோபுரங்கள் தோன்றும். ஒவ்வொன்றின் உச்சியிலும் மூன்று இறகுகள் சுழலும். அவற்றின் நடுவே சென்றே ஆரல்வாய்மொழி என்னும் சிற்றூரை அடைதல் வேண்டும்.

ஆரல்வாய்மொழி மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் அமைந்த கணவாய் ஆகும். திருவிதாங்கூருக்குள் கிழக்கிலிருந்து நுழைவோர் இவ்வழியே வந்தனர். 1809-இல் தளவாய் வேலுத்தம்பியின் படையினர் இங்கிருந்த அரணில் நின்று கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை எதிர்த்தனர். படைகள் கிழக்கிலிருந்து வந்தன. காற்றோ மேற்கிலிருந்து வருகிறது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, இருபுறமும் மலைகள் நெருக்குவதால் இடைவெளியில் விரைந்து பாய்கிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். கணவாயின் கிழக்கே உள்ள முப்பந்தலில் காற்றாலைகள் திரண்டு நிற்பதற்கு இதுவே காரணம்.

ஆலை என்றவுடன் கரும்பு ஆலையும் எண்ணெய் ஆலையும் நினைவுக்கு வரும். இக்காற்றாலைகள் எதனையும் அரைப்பதில்லை; ஆட்டுவதுமில்லை. பெயர் மட்டும் பழைய தொழிலிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் காற்றாலைகள் தானியம் அரைத்தன. தாழ்நிலத்து நீரை இறைத்தன. நெதர்லாந்தின் கிண்டர்டைக் என்னும் ஊரில் நீர் இறைத்த 19 காற்றாலைகள் இன்றும் நிற்கின்றன. 1997-இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

நம் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகள் 1986-இல் தூத்துக்குடி, ஓகா, இரத்தினகிரி ஆகிய கடலோரப் பகுதிகளில் அமைந்தன. அவற்றில் நிறுவப்பட்ட பொறி ஒன்றின் திறன் 55 கிலோவாட் மட்டுமே. பின்னர் முப்பந்தல் பகுதி வளர்ந்தது. தமிழகத்தின் நூற்பாலைகள் பல தம் மின்தேவைக்காகக் காற்றாலைகளை நிறுவின. ஓர் ஆலைக்காக மற்றோர் ஆலை சுழல்வது சுவையான செய்திதான்!

இன்றைய பொறி ஒன்று 2 மெகாவாட் திறன் உடையதாயின், அது பழைய பொறிகள் முப்பத்தாறுக்கு நிகராகும். ஆயினும் காற்று மிகுந்த நல்ல இடங்களில் சிறிய பழைய பொறிகளே நிற்கின்றன. ஆகவே, 20 ஆண்டுகளைக் கடந்தவற்றைப் புதுப்பிக்கவும் மாற்றவும் வழிசெய்யும் கொள்கையைத் தமிழக அரசு 2024-இல் வெளியிட்டது. இம்மாற்றம் எளிதன்று. பெரிய பொறிகளுக்கிடையே மிகுந்த இடைவெளி வேண்டும். இல்லையேல் முன்னிருப்பது பின்னிருப்பதன் காற்றைக் கெடுத்துவிடும். எனவே, அருகருகே சிறு பொறிகளை வைத்திருப்போர் பலர் ஒன்றுகூடி உடன்பட்டாலன்றிப் பெரிய பொறி எழாது. அதற்கான செலவும் பெரிது.

மின்சாரம் பெருக வேண்டுமெனில் பழையன கழிதல் தவிர்க்க இயலாதது. எனினும், கிண்டர்டைக்கின் ஆலைகளும் ஒரு காலத்தில் வெறும் கருவிகளாகவே இருந்தன. முதற்காலப் பொறிகளுள் ஒன்றையேனும் கணவாயின் வாயிலில் நிறுத்திவைத்தல் நன்று. அதற்கு வேண்டிய நிலமும் சிறிதே.

பயிற்சி

1. கணவாயில் காற்றின் வேகம் மிகுவதற்குக் காரணம் யாது?
2. 'ஆலை' என்னும் சொல்லில் முடியும் ஐந்து சொற்களை எழுதுக.
3. பழைய காற்றாலை ஒன்றைப் பாதுகாத்தல் வேண்டுமா? உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.