அலுவலக விடுப்பு விண்ணப்பமும் மின்னஞ்சல் படிவமும்

விடுப்பு வேண்டி விண்ணப்பம் எழுதாத மாணவி நம்மிடையே ஒருத்தியேனும் உண்டோ? அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுதி, காய்ச்சலையோ அக்காள் திருமணத்தையோ காரணமாகக் காட்டி, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி என்று முடிக்கிறோம். படிப்பு முடித்து அலுவலகத்தில் சேரும்போது இதே விண்ணப்பம் வேறு உருவில் நம்மை எதிர்கொள்கிறது. தாளும் இல்லை, உறையும் இல்லை; கணிப்பொறித் திரையில் ஒரு படிவம் மட்டுமே. அதை நிரப்புவது எளிது. அதை அமைத்துக் கொடுப்பது எவ்வாறு என்பதையே இக்கட்டுரையில் காண்போம். வணிகவியலும் கணினி அறிவியலும் பயிலும் மேல்வகுப்பு மாணவியர்க்கு இது நாளைய வேலை.

சாதாரண மின்னஞ்சலிலேயே விடுப்புக் கேட்டுவிடலாமே என்று நீங்கள் வினவக்கூடும். கேட்கலாம். ஆனால் "அடுத்த வாரம் மூன்று நாள் ஊருக்குப் போக வேண்டும்" என்று ஒருவர் எழுதினால், எந்த மூன்று நாள், தற்செயல் விடுப்பா ஈட்டிய விடுப்பா, அவர் வேலையை யார் பார்ப்பார் என்று மேலாளர் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். ஒரு விடுப்புக்கு நான்கு கடிதங்கள்! படிவம் இக்கேள்விகளை முதலிலேயே கேட்டுவிடுகிறது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்சேஞ்ச் என்னும் அஞ்சல் வழங்கியை 1996-லும், அதனுடன் இயங்கும் அவுட்லுக்கை 1997-லும் வெளியிட்டது. கணிப்பொறியில் நிறுவப்படும் பழைய வகை அவுட்லுக்கில் நாமே படிவம் வரையும் வசதி தொடக்கம் முதல் உண்டு. டெவலப்பர் என்னும் பட்டையை முதலில் வெளிக்கொணர்ந்து, அதில் படிவ வடிவமைப்பைத் திறந்து, வெற்று மின்னஞ்சல் படிவம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அனுப்புநர், பெறுநர், பொருள் ஆகிய மூன்றும் அதில் முன்னமே இருக்கும். நம் தமிழாசிரியை கற்பித்த அதே மூன்று! அவற்றின் கீழே தொடங்கும் நாள், முடியும் நாள், விடுப்பின் வகை, பொறுப்பேற்பவர் பெயர் ஆகிய கட்டங்களைச் சேர்த்தல் வேண்டும்.

இங்கேதான் புதியவர்கள் பலர் இடறுகிறார்கள். திரையில் ஒரு பெட்டியை வரைந்துவிட்டால் மட்டும் போதாது. அப்பெட்டி ஒரு புலத்தோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். புலம் என்பது தகவலைச் சேமிக்கும் இடம். பெட்டி அதைக் காட்டும் சன்னல் மட்டுமே. பிணைக்காத பெட்டியில் எழுதியது கடிதத்தோடு போய்ச் சேராது. மேலும், முதற்பக்கத்துக்கு எழுதுபவர் காணும் தோற்றம் ஒன்று, படிப்பவர் காணும் தோற்றம் ஒன்று என இரண்டு உண்டு. எழுதும் பக்கத்தில் கட்டங்களை அழகாக அடுக்கிவிட்டுப் படிக்கும் பக்கத்தை மறந்தால், மேலாளருக்கு வெறுமையான கடிதமே தெரியும். அனுப்பியவளோ எல்லாம் எழுதிவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பாள்.

படிவத்தை எங்கே வெளியிடுகிறோம் என்பதும் முக்கியம். தன் சொந்தப் படிவ நூலகத்தில் வைத்தால் தனக்கு மட்டுமே பயன்படும். நிறுவனத்தின் பொதுப் படிவ நூலகத்தில் வெளியிட்டால்தான் அனைவரும் திறக்க இயலும்; அதற்கு அஞ்சல் நிர்வாகியின் அனுமதி வேண்டும்.

நாள் கணக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 10-ஆம் தேதி முதல் 14-ஆம் தேதி வரை விடுப்பு என்றால் எத்தனை நாள்? விரல் விட்டு எண்ணுங்கள், ஐந்து. ஆனால் 14-லிருந்து 10-ஐக் கழித்தால் நான்குதான் வருகிறது. ஆகவே சூத்திரத்தில் ஒன்றைக் கூட்ட வேண்டும். இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமையையும் பண்டிகை நாளையும் இச்சூத்திரம் அறியாது. அவற்றைக் கழிக்கத் தனி ஏற்பாடு தேவை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாளுக்குரிய கட்டத்தை நிரப்பாமல் விட்டால், அவுட்லுக் அதனை 4501-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் என்று தனக்குள் குறித்துக்கொள்கிறது. முடியும் நாளை மறந்த ஊழியர் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் நாள் விடுப்புக் கேட்டவர் ஆகிவிடுவார்! இதைத் தவிர்க்க, அக்கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று அதன் பண்புகளில் குறிப்பிடலாம்.

விடைக்கு வாக்குப் பொத்தான்கள் இருக்கின்றன. "ஏற்கிறேன்", "மறுக்கிறேன்" என்று இரண்டு பொத்தான்களை அமைத்தால், மேலாளர் ஒன்றை அழுத்த, விடை விண்ணப்பித்தவருக்கே அஞ்சலாக வந்து சேரும். யார் என்ன விடை அளித்தார் என்பது அவர் அனுப்பிய மூலக் கடிதத்திலும் பதிவாகும். மேலாளரே விடுப்பில் இருந்தால்? இதைப் படிவம் அமைப்போர் எளிதில் மறந்துவிடுகிறார்கள். கேட்டவர் தினமும் அஞ்சல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நினைவூட்டத் துணிவு வராது. ஆகவே இரண்டாம் அலுவலர் ஒருவருக்கும் படிவம் செல்லும்படி தொடக்கத்திலேயே அமைப்பது நலம்.

இனி, "காரணம்" என்ற கட்டம். தொழில்நுட்பத்தில் இது மிக எளிது, ஒரு பெட்டி வரைந்தால் முடிந்தது. ஆயினும் என் கருத்தில் படிவம் முழுவதிலும் இதற்கே அதிகச் சிந்தனை வேண்டும். படிவத்தின் படி ஒன்று அனைவரும் பார்க்கும் பொதுக் கோப்புறைக்கும் செல்லும் வழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. மருத்துவமனைக்குச் செல்லவிருக்கும் ஓர் இளம்பெண் தன் நோயைப் பத்துப் பேர் படிக்கும் இடத்தில் எழுதக் கூசுவாள். பாட்டிக்கு உடல்நலமில்லை என்று எழுதிவிடுவாள். உண்மை பேசிப் பழகியவளைப் பொய் எழுத வைத்தது அந்தப் பெட்டிதான். தற்செயல் விடுப்புக்குக் காரணம் தேவையில்லை என்று அலுவலக விதி கூறுமாயின், படிவமும் அதைக் கேட்கலாகாது. மருத்துவச் சான்றிதழ் வேண்டுமெனில் அதனைப் பணியாளர் பிரிவின் தனி முகவரிக்கு மட்டும் அனுப்பச் செய்யலாம். பொதுக் கோப்புறைக்குப் பெயரும் நாள்களும் போதும்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. பாதுகாப்புக் கருதி, 2017-ஆம் ஆண்டு முதல் இப்படிவங்களில் எழுதும் சிறு நிரல்கள் இயல்பாக முடக்கப்பட்டுள்ளன. நிர்வாகி விரும்பித் திறந்தால் மட்டுமே இயங்கும். புதிய வகை அவுட்லுக்கிலும் இணைய உலாவி வழியாகத் திறக்கும் அவுட்லுக்கிலும் இத்தகைய படிவங்கள் இயங்குவதில்லை. அங்கே மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸில் படிவம் அமைத்து, பவர் ஆட்டோமேட் என்னும் கருவியால் மேலாளரின் ஒப்புதலைக் கேட்கலாம். சிறு அலுவலகத்துக்குக் கூகுள் ஃபார்ம்ஸும் போதுமானது. விடைகள் தாமாகவே ஒரு விரிதாளில் சேரும். எக்கருவியாயினும் பிணைப்பு, நாள் கணக்கு, மாற்று அலுவலர், காரணக் கட்டம் ஆகிய நான்கையும் புதிதாகச் சிந்தித்தே ஆகவேண்டும்.

அமைத்து முடித்தபின் தோழி ஒருத்தியை மேலாளராக இருக்கச் சொல்லி ஒத்திகை பாருங்கள். ஒருநாள் விடுப்பு ஒன்று, மாதக் கடைசியில் தொடங்கி அடுத்த மாதம் முடிவது ஒன்று, தொடங்கும் நாளுக்கு முன்பே முடியும் நாள் வருமாறு தவறாக நிரப்பியது ஒன்று என மூன்று விண்ணப்பங்களை அனுப்புங்கள். மூன்றாவதைப் படிவம் ஏற்றுக்கொண்டால், அதை அலுவலகத்தாருக்கு இன்னும் கொடுக்க வேண்டாம்.