மெய்நிகர் உலகிலும் படிக்கட்டுகளா?

கோவைக்கு மேற்கே உள்ள வெள்ளியங்கிரியின் உச்சியை அடைய ஏழு மலைகளை ஏறிக் கடக்கவேண்டும். சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவி அந்த உச்சியை எவ்வாறு காண்பாள்? மெய்நிகர்க் கருவி அவளுக்கு அக்காட்சியைக் காட்ட இயலும். ஆனால், அக்கருவியே அவளுக்கு ஒரு தடையானால்?

கருவி இயங்கும் விதம்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கைக்கொன்றாகப் பிடித்த இரு பென்சில்களின் முனைகளைத் தொடவைத்துப் பாருங்கள். குறி தவறுகிறது அல்லவா? இரு கண்களும் ஒரு பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. மூளை அப்பிம்பங்களை இணைத்துத் தொலைவை உணர்கிறது. இதனை 1838-இல் வீட்ஸ்டன் என்னும் ஆங்கில அறிவியலார் விளக்கினார். மெய்நிகர்க் கருவியும் ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் படம் காட்டுகிறது. தலையைத் திருப்பினால், உணர்விகள் அதனை அளந்து காட்சியையும் மாற்றுகின்றன.

தடைகள் எவை?

நின்றுகொண்டு, இரு கைகளாலும் இயக்குபவரை எண்ணியே பல விளையாட்டுகள் அமைக்கப்படுகின்றன. அமர்ந்திருப்பவருக்கு மெய்நிகர் அலமாரியின் மேல்தட்டு எட்டாது. கணினி அவரது கண்மட்டத்தைச் சிறிது உயர்த்திக் கணக்கிட்டால் எட்டிவிடும்! காது கேளாதவருக்குப் பேச்சு எழுத்தாகத் தோன்றவேண்டும். பேசுபவர் எத்திசையில் உள்ளார் என்பதையும் ஓர் அம்புக்குறி காட்டவேண்டும். ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர் நிழல், அளவு, அசைவு ஆகியவற்றைக் கொண்டு தொலைவை அறியலாம்.

பார்வையற்றவருக்கு வழியுண்டா?

உண்டு. 2018-இல் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் ஒரு மெய்நிகர் ஊன்றுகோலை உருவாக்கினர். மெய்நிகர்ச் சுவரில் அக்கோல் பட்டதும், இடுப்பில் அணிந்த பிரேக் அமைப்பு கையின் வீச்சைத் தடுக்கிறது. தரையின் தன்மைக்கேற்பக் கோல் அதிர்கிறது. மோதிய திசையிலிருந்து ஒலியும் எழுகிறது. பார்வையற்ற ஒன்பது பேர் அதனைச் சோதித்தனர். காட்சியின்றியும் மெய்நிகர் உலகில் நடமாட முடியும் என்பது தெரியவந்தது.

நம் பொறுப்பு

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அனைவருக்கும் ஏற்ற பொருள்களின் உற்பத்தியை அரசு ஊக்குவிக்கவேண்டும் என்கிறது. கட்டடத்தை முடித்தபின் சாய்தளம் அமைப்பதைவிட, வரைபடத்திலேயே அதற்கு இடம் விடுவது எளிது. கருவிகளுக்கும் இது பொருந்தும்.

பம்பும் மோட்டாரும் செய்யும் கோவையில் வளரும் நீங்கள், நாளை புதிய கருவிகளையும் ஆக்கலாம். அப்போது வரைபடம் போடும் நாளிலேயே, அதனைப் பயன்படுத்தவிருக்கும் மாற்றுத்திறனாளி ஒருவரை அருகில் அமர்த்திக் கருத்துக் கேளுங்கள்.

சிந்திக்க: உங்கள் பள்ளி ஆய்வகத்தை மெய்நிகர்க் காட்சியாக்கினால், பார்வையற்ற மாணவர் அமிலக் குடுவையை எவ்வாறு அடையாளம் காண்பார்?