பட்டன் வைத்த ஸ்வெட்டர்

அன்புள்ள தேன்மொழிக்கு,

அத்தை எழுதுகிறேன். நேற்று ராத்திரி உன் அப்பா போன் செய்து, திருச்சியில் திபெத்தியர் கடையில் உனக்கு ஸ்வெட்டர் வாங்கிவிட்டதாகப் பெருமையாகச் சொன்னான். கழுத்து வரை மூடியதாம், உள்ளே புசுபுசுவென்று இருக்குமாம், குல்லாவையும் சேர்த்தே தைத்திருக்கிறார்களாம். நீ வேலைக்கு வரப்போகும் பெங்களூரை அவன் சிம்லா என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அவன் மனம் நோகாமல் அதை ஊரிலேயே விட்டுவிட்டு வா. மார்கழியில் இருட்டோடு எழுந்து கோலம் போடும் உன் அம்மாவுக்கு ஆகும்.

இங்கே ஜனவரியில் விடியற்காலை 15, 16 டிகிரி இருக்கும். மத்தியானம் 27, 28. இந்த ஊரில் பதிவானதிலேயே மிகக் குறைந்தது 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரியில். நீ பார்க்கப்போகும் குளிர் காலை ஒன்பது மணியோடு போய்விட்டு, விளக்கு வைத்த பிறகு திரும்பி வரும். நடுவில் நல்ல வெயில். அதனால் ஸ்வெட்டர் வாங்கும்போது, இதை எப்படிக் கழற்றுவேன், கழற்றி எங்கே வைப்பேன் என்று யோசித்து வாங்கு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 1986-ல் கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், தலை வழியாக மாட்டும் ஊதா நிற ஸ்வெட்டர் ஒன்று வாங்கினேன். புடவைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால், பதினொரு மணிக்கு வியர்த்துக் கொட்டுகிறது. கழற்றப் போனேன், முந்தானையில் குத்தியிருந்த ஊக்கு ஸ்வெட்டர் நூலில் மாட்டிக்கொண்டது. ஜடை அவிழ்ந்து, பூ உதிர்ந்து, பாத்ரூமில் கால் மணி நேரம் அதனுடன் மல்லுக்கட்டினேன். அதற்குப் பிறகு முன்பக்கம் பட்டன் இல்லாத ஸ்வெட்டரை நான் தொட்டதில்லை. நீ புடவை கட்டப்போவதில்லை, சரி. குர்த்திக்கும் சங்கடம் உண்டு. முக்கால் கை குர்த்திக்கு மேல் இறுக்கமான கை வைத்த ஸ்வெட்டரைப் போட்டால், உள்ளே துணி சுருண்டு முழங்கையில் மூட்டையாக நிற்கும். ஆபீசுக்கு எதை உடுத்துவாயோ அதை உடுத்திக்கொண்டே கடைக்குப் போ.

இனி நூல். கடைக்காரர்கள் எல்லாவற்றையும் ‘உல்லன்’ என்றுதான் சொல்வார்கள். நம் ஊரில் குளிருக்குப் போடுவதெல்லாம் உல்லன்தானே! உள்பக்கத் தையலில் இருக்கும் துண்டுச் சீட்டைப் படி. சீட்டு இல்லையென்றால், உள்ளே தொங்கும் பிசிறை அரை அங்குலம் கேட்டு வாங்கி வந்து கொளுத்திப் பார். கம்பளி என்றால், முடி பொசுங்கும் நாற்றம் அடித்து, தீயை எடுத்ததும் அணைந்து, விரலில் பொடியும். அக்ரிலிக் என்னும் செயற்கை நூலோ உருகிக் கறுத்துக் குண்டுமணியாக இறுகிவிடும். அக்ரிலிக்கை மட்டமாகச் சொல்லவில்லை. விலை குறைவு, பூச்சி அரிக்காது, மெஷினில் போடலாம். ஆனால் அது வியர்வையை வாங்கிக்கொள்ளாது. பஸ் பிடிக்க நாலு எட்டு ஓடினாலே முதுகு பிசுபிசுக்கும். உட்கார்ந்ததும் அந்த ஈரமே குளிரும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் உலர்ந்தே இருக்கும். ஒரே நாளில் குளிரும் வெயிலும் மாறி மாறி வரும் ஊருக்கு இந்தக் குணம்தான் வேண்டும்.

கம்பளி அரிக்கும் என்று சின்ன வயதிலிருந்தே அழுவாய். இழை 30 மைக்ரான் பருமனுக்கு வந்துவிட்டால் அதன் முனை வளையாமல் தோலைக் குத்தும். அரிப்பு அதனால் வருவது. மெரினோ ஆட்டின் ரோமம் 20 மைக்ரானை ஒட்டியது, தோலில் பட்டதும் முனை மடங்கிக்கொள்ளும். உள்ளங்கையால் தடவிப் பார்த்து ஏமாறாதே, அங்கே தோல் தடிமன். கழுத்தோரம் ஒரு நிமிஷம் வைத்துப் பார். கழுத்து பொய் சொல்லாது. மெரினோ விலைதான். முதல் சம்பளத்தில் ஒன்று வாங்கு, போதும்.

அதுவரை பருத்தி நூல் ஸ்வெட்டர் இரண்டு வைத்துக்கொள். இங்கே ஆடியிலும் ஸ்வெட்டர் வேண்டியிருக்கும் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. மேகம் மூடி, மேல்காற்று அடித்து, சாயங்காலம் தூறல் போடும். பருத்தி அந்தத் தூறலில் நனைந்தால் கனத்துத் தொங்கும், காய இரண்டு நாள் ஆகும். அன்றைக்கு அக்ரிலிக்கே தேவலை.

தடிமனைப் பார்த்து மயங்காதே. மெஷினில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை ஊசி வைத்துப் பின்னியிருக்கிறார்கள் என்பதுதான் கேஜ். 12 கேஜ் என்றால் மெல்லிசு, பையில் மடித்துப் போடலாம். 5 கேஜ் கயிறு மாதிரி இருக்கும், அது வடக்கே பனி கொட்டும் ஊருக்கு. இரண்டு மெல்லிசை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டால் நடுவில் நிற்கும் காற்றே சூடு காக்கும். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். மணிக்கட்டுப் பட்டையை இழுத்து விடு, சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். அக்குள் பக்கம் திருப்பிப் பார். கண்ணிகள் சாய்வாக வரிசை கட்டிக் குறைந்து போயிருந்தால், உடம்பின் வடிவத்துக்கே பின்னியது என்று அர்த்தம். வெட்டித் தைத்ததை விட அது நாள்பட உழைக்கும். முப்பது வருஷமாக ஊசி பிடிக்கிறவள் சொல்கிறேன், இதைப் பார்க்கும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும்.

ஸ்கூட்டரில் போவதாக உத்தேசமாமே. எந்த ஸ்வெட்டரும் வண்டியில் உன்னைக் காப்பாற்றாது. கண்ணிகளுக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் சூடு. எதிர்க்காற்று அதைத் துடைத்துக்கொண்டு போய்விடும். மேலே காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட் ஒன்று வேண்டும். ஆபீஸ் ஏசி வேறு கதை. அங்கே மத்தியானம் ரெண்டு மணிக்கு மார்கழி. ஒரு ஸ்வெட்டரை அங்கேயே டிராயரில் போட்டு வை.

துவைப்பதில் மட்டும் என் பேச்சைக் கேள். உன் மாமா ஒருமுறை ஆசையாகத் தன் கம்பளி ஸ்வெட்டரைச் சுடுதண்ணீரில் மெஷினில் போட்டார். வெளியே வந்தபோது அது எதிர்வீட்டு மூணாங்கிளாஸ் பையனுக்குச் சரியாக இருந்தது. ரோமத்தில் மீன் செதில் மாதிரி இருக்கிறது, சூட்டிலும் உரசலிலும் ஒன்றோடொன்று கொக்கி போட்டு இறுகிவிடும், பிறகு பிரியாது. ஷாம்பூ கலந்த பச்சைத்தண்ணீரில் அமுக்கி எடு, முறுக்காதே. துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்துவிட்டுக் கட்டிலில் பரப்பிக் காய வை. கொடியில் தொங்கவிட்டால் கை முழங்காலுக்கு வரும்.

எட்டாம் தேதி விடியற்காலை ரயிலுக்கு நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். கையில் ஒன்று கொண்டு வருவேன், நானே பின்னியது, கருநீலம். உடம்பு முடிந்துவிட்டது, இடது கைதான் பாக்கி. உன் தோளிலிருந்து மணிக்கட்டு வரை எத்தனை அங்குலம் என்று அம்மாவை அளக்கச் சொல்லி, இந்த வாரத்துக்குள் எழுது.

அன்புடன்,
அத்தை