இரும்புப் பாதையா, புகைவண்டியா?

கேள்வி: ரயில் வண்டியைச் சித்திரமாகத் தீட்டும் வழக்கம் எப்போது, எவரால் தொடங்கிற்று?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே 1830-இல் ரயில் ஓடத் தொடங்கிய மறு ஆண்டே, தாமஸ் டால்பட் பரி என்பவர் அந்தப் பாதையைப் பார்த்து வரைந்த சித்திரங்கள் வர்ணப் படங்களாக அச்சேறி லண்டனில் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆயினும் அவை பாலம் இப்படி, குகை இப்படி, வண்டி இப்படி என்று பார்க்காதவர்களுக்குக் காட்டிய விவரப் படங்களே. ரயிலின் வேகத்தையே சித்திரத்துக்குப் பொருளாக்கிய பெருமை ஆங்கிலேய ஓவியர் டர்னருக்கு உரியது. 1844-இல் அவர் காட்சிக்கு வைத்த ஓவியத்தில், தேம்ஸ் நதியின் மீதுள்ள மெய்டன்ஹெட் பாலத்தில், மழையும் ஆவியும் ஒன்றாய்க் கலந்த மங்கலினூடே எஞ்சின் பாய்ந்து வருகிறது. அதற்கு முன்னே, கண்ணை இடுக்கிக்கொண்டு தேடுபவருக்கு மட்டும் அகப்படும்படியாக, ஒரு முயல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறது.

நம் நாட்டிலும் ராஜஸ்தானத்து ஷேகாவதி வட்டாரத்தில், தனவணிகர் மாளிகைச் சுவர்களில் கண்ணன் லீலைகளுக்கும் யானை ஊர்வலங்களுக்கும் நடுவே ரயிலும் இடம் பிடித்தது; அதைத் தீட்டியவர்களில் பலர் ரயிலைப் பிரத்தியட்சமாகப் பார்த்ததில்லை, கேள்வி ஞானத்தாலேயே எழுதினார்கள் என்று சொல்வதுண்டு.

புதுவையிலிருந்து கேட்கிறீர்களாதலால் பிரெஞ்சுக்காரர்களின் பங்கையும் சொல்லவேண்டும். க்ளோத் மோனே 1877-இல் பாரீஸின் சேன் லசார் நிலையத்தை, கண்ணாடிக் கூரையின் கீழ் ஆவி திரண்டு நீலமும் வெள்ளையுமாய்க் கலையும் கோலத்தில், பன்னிரண்டு முறை தீட்டினார். இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1879-இல்தான், விழுப்புரத்திலிருந்து புதுவைக்கு ரயில் வந்தது. மோனேயின் இந்தப் படங்களுக்கும் முந்தியது எடுவார் மானேயின் படம். 1874-இல் பாரீஸ் கண்காட்சியில் அவர் வைத்த படத்தில், மடியில் நாய்க்குட்டியோடும் புத்தகத்தோடும் ஒரு மாது அமர்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு சிறுமி நமக்கு முதுகைக் காட்டியவாறு, இரும்புக் கம்பியைப் பற்றிக்கொண்டு, அப்பால் எழும் புகை போன்ற வெண்மையான மண்டலத்தையே பார்த்து நிற்கிறாள். படத்தின் பெயரோ ‘இரும்புப் பாதை’. ரயில்வேக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெயரே அதுதான். பெயரைப் படித்துவிட்டு ரயிலைத் தேடிய ஜனங்கள், அதை எங்கும் காணாமல் நகைத்தார்கள்.

ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒருபடியாகப் பாதையைக் கண்டு ரயில்வேக்குப் பெயரிட்டிருக்க, நம்மவர் மட்டும் வண்டி மேலே விட்டுச் செல்வதைக் கண்டு ‘புகைவண்டி’ என்றார்கள். கம்பிக்கு அப்பால் இருப்பது புகையன்று, நீராவி என்று விஷயம் தெரிந்தவர் திருத்தக்கூடும். திருத்தட்டும், அந்தச் சிறுமி கண்டதும் நம் பாட்டன்மார் கண்டதும் ஒன்றே என்பதால், மானே இட்ட பெயரைவிட நாம் இட்ட பெயரே அவர் படத்துக்குப் பொருத்தமாக அமைந்திருக்கிறது.