பழைய ஸ்டீரியோ ரிசீவர்: எந்த ஒயரை எங்கே மாட்டுவது?

1970-களின் இறுதியில் இத்தாலிக்காரர்கள் பனியன் வாங்கத் திருப்பூருக்கு வரத் தொடங்கினார்கள். அடுத்த பத்தாண்டில் நம் சரக்கு ஐரோப்பா முழுக்கப் போனது. பையரைப் பார்க்க வெளிநாடு போன முதலாளிகள் திரும்பும்போது ஆசையாகத் தூக்கி வந்த பொருள்களில் ஸ்டீரியோ ரிசீவரும் ஒன்று. பயோனியர், மராண்ட்ஸ், சான்சூயி, டெக்னிக்ஸ் என்று பெயர் பொறித்த கனமான பெட்டிகள். வளைகுடாவில் வேலை பார்த்த உறவினர்கள் கொண்டுவந்தவையும் உண்டு. இன்று அவற்றில் பல ஷோகேஸின் அடித்தட்டில் கிடக்கின்றன. வீடு மாற்றும்போது காயலான் கடைக்குப் போகின்றன. “இப்ப இருக்கற சாமான் எதையும் இதுல மாட்ட முடியாதுங்க” என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம்.

மாட்ட முடியும். வேலை நேரம் போக இந்தப் பெட்டிகளை நண்பர்கள் வீடுகளில் மீண்டும் பாடவைப்பது என் வழக்கம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ப்ளூடூத், டிவி, லேப்டாப், புது ரெக்கார்டு பிளேயர் எல்லாமே இவற்றில் அழகாக வேலை செய்யும். பின்பக்கத்தில் உள்ள ஒவ்வொரு சாக்கெட்டும் எவ்வளவு வோல்ட்டை எதிர்பார்க்கிறது என்று தெரிந்தால் போதும்.

முதலில் கரண்ட்

பிளக்கைச் சொருகும் முன் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். அமெரிக்காவில் விற்ற பெட்டி 120 வோல்ட். ஜப்பானுக்குள் விற்றது 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேரடியாக மாட்டினால் பெட்டி வீணாகிவிடும். சிலவற்றில் வோல்ட்டேஜ் மாற்றும் திருகு இருக்கும். இல்லாவிட்டால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். தகட்டில் போட்டிருக்கும் வாட்ஸைப் போல் ஒன்றரை மடங்காவது தாங்குவதாக வாங்குங்கள். நம் ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றத் தெரிந்தவர் யார் என்று அங்கே கேட்டால் சொல்வார்கள்.

பல வருடம் ஓடாத பெட்டி என்றால் அதே கடைகளில் இருக்கும் சீரீஸ் போர்டில், 100 வாட்ஸ் குண்டு பல்பு வழியாக முதலில் கரண்ட் கொடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். பல்பு மங்கியதென்றால் நேரடி கரண்டுக்கு மாற்றலாம். பாதுகாப்பு ரிலே உள்ள பெட்டியாக இருந்தால் சில நொடிகளில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அது வந்த பிறகு ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து டி.சி. பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஸ்பீக்கரைத் தயக்கமில்லாமல் மாட்டலாம்.

பஞ்சை எடுங்கள்

திருப்பூர்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பஞ்சு இருக்கும். நிட்டிங் மெஷினும் ஓவர்லாக்கும் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியில் அது ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் மெத்தை போலப் படிந்து காற்றை அடைக்கும். பவர் டிரான்சிஸ்டர்கள் சூடேறும். கரண்டைப் பிடுங்கி நெடுநேரம் விட்டு, மென்மையான பிரஷ்ஷாலும் புளோயராலும் எடுத்துவிடுங்கள். வால்யூமைத் திருப்பும்போது வரும் கரகர சத்தத்துக்கு, காண்டாக்ட் கிளீனரைக் கன்ட்ரோலின் துளைக்குள் சிறிது அடித்து, குமிழை இரு பக்கமும் பலமுறை திருப்பினால் போதும். பின்பக்க ஆர்.சி.ஏ. சாக்கெட்டுகள் கறுத்திருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பனியன் வேஸ்ட் துணியால் துடையுங்கள். இழை விடாத பீஸாகப் பார்த்து எடுங்கள்.

ஆக்ஸும் போனோவும்

குழப்பம் முழுவதும் இங்கேதான். காந்த கார்ட்ரிட்ஜ் உள்ள ரெக்கார்டு பிளேயர் தரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். போனோ சாக்கெட் அதைப் பல மடங்கு பெருக்கும். அது மட்டுமல்ல. இசைத்தட்டை வெட்டும்போது பாஸைக் குறைத்து டிரெபிளை ஏற்றி வெட்டுகிறார்கள். 1954-லிருந்து ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவுமுறைப்படி இது நடக்கிறது. போனோ சாக்கெட் அதைத் தலைகீழாக்கிச் சமன் செய்கிறது. ஆக்ஸ், டியூனர், டேப் சாக்கெட்டுகளில் இந்த வேலை நடப்பதில்லை. ஏறக்குறைய 150 மில்லிவோல்ட் கிடைத்தாலே அவை முழுச் சத்தத்தையும் தந்துவிடும்.

ஆகவே செல்போனையோ சிடி பிளேயரையோ போனோவில் மாட்டினால் சத்தம் வெடித்துச் சிதறும். பாஸ் மட்டும் முழங்கும். ரெக்கார்டு பிளேயரை ஆக்ஸில் மாட்டினால் கொசு பாடுவதுபோல் கேட்கும். இப்போது விற்கும் பல ரெக்கார்டு பிளேயர்களின் பின்னால் போனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் உண்டு. ரிசீவரின் போனோவில் மாட்டுவதானால் சுவிட்சும் போனோவில் இருக்க வேண்டும். ஆக்ஸில் மாட்டுவதானால் லைன். அந்தக்காலப் பெட்டி வடிவ ரெக்கார்டு பிளேயர்கள் பலவற்றில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். அதன் சிக்னல் பெரியது, ஆக்ஸுக்குத்தான் போக வேண்டும்.

செல்போனுக்கு, ஆர்.சி.ஏ. அவுட் உள்ள சிறிய ப்ளூடூத் ரிசீவரை ஆக்ஸில் மாட்டிவிடுங்கள். சிடி பிளேயரைப் போலவே பல ப்ளூடூத் கருவிகளும் 2 வோல்ட் வரை தரும். அதனால் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் கூடிவிடும். பெட்டியில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். போனில் வால்யூமைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். புது டிவியில் ஆப்டிகல் அவுட் மட்டும் இருந்தால், நடுவில் ஒரு சிறிய டி.ஏ.சி. பெட்டி வேண்டும், டிவியின் சவுண்ட் செட்டிங்கை பி.சி.எம். என்று மாற்றாவிட்டால் சத்தம் வராது.

ஆக்ஸ் நிறைந்துவிட்டதா? ‘டேப் பிளே’ சாக்கெட்டும் அதேபோல்தான் வேலை செய்யும். அங்கே மாட்டி, முன்பக்கத்தில் டேப் மானிட்டர் பொத்தானை அழுத்துங்கள். ஒன்று நினைவில் இருக்கட்டும்: அந்தப் பொத்தான் அழுந்தியிருக்கும்வரை ரேடியோவும் ஆக்ஸும் கேட்காது. செத்துப்போனதாகச் சொல்லி என்னிடம் காட்டப்பட்ட பெட்டிகளில் பல, இந்த ஒரு பொத்தானை வெளியே எடுத்ததும் பாடின.

ஐரோப்பியப் பெட்டிகளில் ஆர்.சி.ஏ.க்குப் பதிலாக வட்டமான ஐந்து பின் டின் சாக்கெட் இருக்கும். டேப் சாக்கெட்டில் 3 இடது, 5 வலது, 2 எர்த். 1, 4 இரண்டும் ரெக்கார்டிங்குக்காக வெளியே போகும் சிக்னல். கடையில் கேபிள் வாங்கும்போது 3, 5-க்கு இணைப்பு உள்ளதா என்று மீட்டரில் பார்த்து வாங்குங்கள். கீபோர்டுக்கு வரும் மிடி கேபிளும் அதே வடிவம்தான், இதற்கு உதவாது.

கம்பெனி ஹாலில் பாட்டு

தையல் ஹாலில் பாட்டு ஓடினால்தான் வேலையும் ஓடும். ஒரு கம்பெனியில் பழைய ரிசீவரை வைத்து ஆறு ஸ்பீக்கர் போட்டிருந்தார்கள். “பத்து நிமிஷம் பாடுதுங்கண்ணா, அப்புறம் தானா கட்டாயிடுது” என்றார் சூப்பர்வைசர். ஆறும் 8 ஓம். ஆறையும் பேரலலில் இணைத்திருந்தார்கள். 8-ஐ ஆறால் வகுத்தால் சுமார் 1.3 ஓம். பெரும்பாலான பழைய ரிசீவர்களுக்கு 4 ஓம்தான் எல்லை. அந்தப் பெட்டி தன்னைக் காத்துக்கொள்ளத்தான் ஒவ்வொரு முறையும் ரிலேயை விட்டிருக்கிறது. ஏ, பி என்ற இரண்டு ஜோடி ஸ்பீக்கரையும் சேர்த்து ஓட்டுவதானால், நான்கும் 8 ஓம் ஸ்பீக்கராக இருக்க வேண்டும்.

ஹாலுக்கு வழி வேறு. ரிசீவரின் ‘டேப் ரெக்’ சாக்கெட்டிலிருந்து ஒரு ஒயரை எடுத்து, கோயில் விழாவுக்கு வைக்கும் அஹூஜா போன்ற பி.ஏ. ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸில் கொடுங்கள். அதன் 100 வோல்ட் லைனில், லைன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்பீக்கர்களை வரிசையாகத் தொங்கவிடலாம். மொத்த வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரின் வாட்ஸைத் தாண்டாமல் இருந்தால் சரி. ஹாலின் சத்தத்தை பி.ஏ. குமிழ் பார்த்துக்கொள்ளும், ஆபீஸ் ரூமில் ரிசீவர் தன் போக்கில் பாடும்.

ஹம் வந்தால்

போனோவில் மட்டும் ‘உம்’ என்று கேட்டால் ரெக்கார்டு பிளேயரின் எர்த் ஒயரை ரிசீவரின் ஜி.என்.டி. திருகில் கட்டுங்கள். டிவி கேபிளையோ லேப்டாப் சார்ஜரையோ மாட்டும்போது மட்டும் வந்தால் எர்த் லூப். ப்ளூடூத்தோ ஆப்டிகலோ அதை அறுத்துவிடும். மூன்றாவது பின்னை வெட்டி எர்த்தைத் துண்டிப்பது உயிருக்கு ஆபத்து. யார் சொன்னாலும் செய்யாதீர்கள். சாதாரண ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் இரைச்சல் வரலாம். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அது குறையும். பவர் டேபிளின் சர்வோ மோட்டார்கள் மீடியம் வேவ் ரேடியோவைக் கெடுக்கும். எஃப்.எம்.முக்கு அவ்வளவு தொல்லை இல்லை. பின்னால் உள்ள 300 ஓம் திருகுகளில் ஒன்றரை மீட்டர் நீள ‘டி’ வடிவ ஒயர் ஏரியலைக் கட்டிச் சுவரில் விரித்தால் கோவை ரெயின்போ 103 தெளிவாகப் பிடிக்க நல்ல வாய்ப்பு உண்டு.

எழுதி ஒட்டுங்கள்

எதைக் கழற்றும் முன்பும் பின்பக்கத்தை போனில் படம் எடுங்கள். கட்டிங்கில் பீஸுக்கு ஒட்டும் நம்பர் ஸ்டிக்கரை ஒவ்வொரு ஒயரின் இரு முனையிலும் ஒட்டுங்கள். ப்ரீ அவுட், மெயின் இன் சாக்கெட்டுகளை இணைக்கும் சிறு உலோகத் துண்டுகள் இருந்தால் பத்திரம்; அவை இல்லாவிட்டால் பெட்டி பாடாது.

இந்த ரிசீவர்கள் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துப் பல தலைமுறை ஓட்டக் கட்டப்பட்டவை. அப்பா வாங்கிய பெட்டியில் மகள் தன் போனிலிருந்து பாட்டுப் போடலாம். அதற்கு ஒரு ப்ளூடூத் கருவியும் ஒரு ஜோடி ஒயரும் போதும். காயலான் கடைக்காரரைக் கூப்பிடும் முன், ஷோகேஸிலிருந்து அதை வெளியே எடுத்துப் பின்பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.